விண்டோஸோட கூடவே வர்ற ஃபயர்வால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போதுமா?

அம்பைத் தையல்காரி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு அம்பாசமுத்திரம். 2014-ல வாங்கின டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, விண்டோஸ் 10. அப்பா பென்ஷன் வந்துட்டான்னு பாக்கிறது, என் தையல் கணக்கு, பாங்கு வேலை, மக பள்ளிக்கூட வேலை எல்லாம் அதுலதான். போன வருஷம் ஃபைபர் போட்டோம்.

ஆன்டிவைரஸ் லைசென்ஸ் முடிஞ்சுட்டு. புதுப்பிக்கக் கடைக்குப் போனா, "விண்டோஸ் ஃபயர்வால் சும்மா பேருக்குத்தான், அதை நம்பி பாங்கு வேலை பாக்காதீங்க, பெரிய பேக்கேஜா போட்டுக்கிடுங்க"ன்னு சொல்லுதாவ. விலை மூணு மடங்கு. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அவங்க சொல்றது நிசமா? திரையில பச்சை டிக் காட்டுது, ஃபயர்வால் ஆன்னுதான் இருக்கு. அது எதைத் தடுக்குது, எதைத் தடுக்கலைன்னு எனக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்லுங்க. அப்பா தெனமும் கேக்காவ.

ஜங்ஷன் சர்வீஸ்

தங்கச்சி, நான் திருநெல்வேலி ஜங்ஷன்ல இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கேன். பேருக்குத்தான்னு சொன்னவரு 2003 ஆகஸ்ட் மாசத்தைப் பாக்காதவரா இருக்கணும்.

அப்ப ஒரு பிரவுசிங் சென்டர்ல நான் சிஸ்டம் பாத்துக்கிட்டிருந்தேன். எல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. திடீர்னு திரை நடுவுல ஒரு பெட்டி வரும்: கம்ப்யூட்டர் அணையப் போகுது, 60 விநாடி இருக்கு. 59, 58னு இறங்கிக்கிட்டே போகும். பாதி மெயில் அடிச்சுக்கிட்டிருக்கிற ஆளு "அண்ணே, அண்ணே"ன்னு கத்துவாரு. ஓடிப்போய் ரன் பெட்டியில ஷட்டவுன் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, ஹைஃபன், ஏ போட்டா எண்ணிக்கை நிக்கும். அதுக்குள்ள அடுத்த மிஷின்ல ஆரம்பிச்சிரும். பிளாஸ்டர் வைரஸ். யாரும் எதையும் கிளிக் பண்ணலை, ஒரு ஃபைலையும் திறக்கலை. நெட்டுல இருந்தா போதும், 135-ங்கிற போர்ட் (நெட்டு வந்துபோற நம்பர் போட்ட வாசல்) வழியா அதுவா உள்ள வந்துரும். ஜூலை 16-ந் தேதியே மைக்ரோசாஃப்ட் அதுக்குப் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், விட்டாச்சு. வைரஸ் வந்தது ஆகஸ்ட் 11. எங்க ஒரு மிஷின்லயும் அந்தப் பேட்ச் இல்ல.

சரின்னு எல்லாத்தையும் அழிச்சு எக்ஸ்பியைப் புதுசாப் போடுவேன். பேட்ச் எடுக்கணும்னா டயல் பண்ணி நெட்டுக்குப் போகணும். பேட்ச் பாதி இறங்குறதுக்குள்ள மறுபடி அந்தப் பெட்டி, மறுபடி 60. ரெண்டு ராத்திரி இப்படியே போச்சு. அப்புறம்தான் ஒருத்தர் காட்டிக் குடுத்தாரு: கனெக்ஷன் ப்ராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்ட்ங்கிற பக்கத்துல சின்னதா ஒரு கட்டம், எக்ஸ்பிக்குள்ளயே இருந்த ஃபயர்வால். ஆனா போட்டுத் தரும்போது அணைச்சே வச்சிருந்தாங்க. அதுல ஒரு டிக் வச்சுட்டு டயல் பண்ணினேன். பேட்ச் முழுசா இறங்கிச்சு. அந்த ஒரு டிக்தான் வித்தியாசம்.

மறு வருஷம் ஆகஸ்ட்ல எக்ஸ்பிக்கு எஸ்பி2-ங்கிற பெரிய அப்டேட் வந்தப்ப அதைத் தானாவே ஆன்ல வச்சுட்டாங்க. இன்னைக்கு உங்க பச்சை டிக் அதோட வாரிசு. வெளியில இருந்து கூப்பிடாம வர்றவனை வாசல்லயே மறிக்கும். அந்த வேலையில அது சோடை போனது கிடையாது.

வள்ளியூர் காத்தாடி

அண்ணாச்சி சொல்றது டயல்-அப் காலம். இப்ப ஃபைபர் பெட்டிக்குப் பின்னாலதான எல்லாரும் இருக்கோம்? கம்ப்யூட்டருக்கு 192.168-ல ஆரம்பிக்கிற உள்வீட்டு முகவரிதான். வெளியில இருக்கிறவன் அந்த முகவரிக்கு வரவே முடியாது. ரூட்டரே ஃபயர்வால் மாதிரிதான். நான் கேம் விளையாடத் தொந்தரவா இருக்குன்னு விண்டோஸ் ஃபயர்வாலை அணைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலை. அக்கா, ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

பாளை நெட்வொர்க் வாத்தியார்

செலவழிக்க வேண்டாம் என்பதில் தம்பியோடு எனக்கும் உடன்பாடுதான். அணைத்து வைத்ததில் இல்லை. இன்று ராத்திரியே அதை ஆன் செய்துவிடுங்கள் தம்பி.

மூன்று காரணம் சொல்கிறேன். முதலாவது, ரூட்டர் மறிப்பது வெளியே இருந்து வருவதை மட்டும்தான். வீட்டுக்குள் ஒரே வைஃபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போன், டிவி, கேமரா டப்பா, விருந்துக்கு வந்த சொந்தக்காரப் பையனின் லேப்டாப். 2017 மே 12-ல் பரவிய வான்னாக்ரை என்ற வைரஸ் இப்படித்தான் அலுவலகங்களுக்குள் மேய்ந்தது. ஒரு மிஷின் மாட்டினால் போதும், அதே கட்டடத்தில் பேட்ச் போடாமல், ஃபைல் பகிர்வுக்காக 445 போர்ட் திறந்திருந்த அத்தனையும் மாட்டின. அங்கே வெளிவாசல் ரூட்டர் என்ன செய்ய முடியும்? திண்ணையில் காவல் போட்டுவிட்டுத் தார்சாவிலிருந்து அடுக்களை வரை எல்லாக் கதவையும் திறந்து போட்ட வீடு அது.

இரண்டாவது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கும் லாட்ஜுக்கும் போகும்போது உங்கள் ரூட்டர் கூட வராது.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. 192.168 என்பது ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறையின் கதை. இப்போது பல இணைப்புகளில் ஐபிவி6 என்ற புதிய முறையும் சேர்ந்தே வருகிறது. அதில் உங்கள் கம்ப்யூட்டருக்கு உலகம் முழுவதும் செல்லும் நேரடி முகவரி கிடைக்கும். உள்வீட்டு முகவரியின் மறைப்பு அங்கே கிடையாது. ஃபைபர் பெட்டியில் ஐபிவி6-க்கான தடுப்பு ஆன் ஆகியிருந்தால் சரி. இல்லையென்றால் உங்களுக்கும் உலகத்துக்கும் நடுவே நிற்பது நீங்கள் அணைத்து வைத்திருக்கும் அந்த விண்டோஸ் ஃபயர்வால் ஒன்றுதான்.

வள்ளியூர் காத்தாடி

ஐபிவி6 விஷயம் எனக்குத் தெரியாது சார். ஆன் பண்ணிட்டேன். கேம் ஓடுது.

முக்கூடல் மைனி

நான் வேற பக்கத்துல இருந்து சொல்லுதேன். எங்க பெரியப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி ஏழரை மணிக்கு போனுல மெசேஜ். கரண்டு பில்லு அப்டேட் ஆகலை, இன்னைக்கு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிச்சிருவோம், இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு. பெரியம்மா அப்ப உடம்பு சரியில்லாம நெபுலைசர் வச்சுக்கிட்டிருந்தாவ. கரண்டு போனா என்ன செய்யன்னு இவிய பதறிப் பேசிட்டாவ. அந்தப் பக்கத்து ஆளு தன்மையாப் பேசியிருக்கான். "ஐயா, கம்ப்யூட்டர் இருக்கா? அதுல ஒரு சின்ன ஆப்பு எறக்குங்க, பத்து ரூபாய் கட்டினா சரியாயிரும்." எறக்கினாவ. ஒன்பது இலக்க நம்பர் ஒண்ணைப் படிக்கச் சொன்னான், படிச்சாவ. அக்செப்ட்னு ஒரு பொத்தான், அதையும் அமுக்கினாவ. பெறவு மவுஸ் அம்பு தன்னால நகருது. பெரியப்பா கையை மேசை மேல வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. 48,000 ரூபாய் போச்சு.

மறுநாள் நான் போய்ப் பாத்தேன். ஃபயர்வால் ஆன். பச்சை டிக். ஒரு எச்சரிக்கையும் காட்டலை. இப்ப சொல்லுங்க, அது போதுமா?

ஜங்ஷன் சர்வீஸ்

மனசு கஷ்டமா இருக்கு தாயி. 1930-க்கு உடனே பேசினியளா? இதைப் படிக்கிறவங்க அந்த நம்பரைச் சுவத்துல எழுதி ஒட்டுங்க. சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். பணம் போன கையோட கூப்பிட்டாத்தான் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள நிறுத்திவைக்க வழி இருக்கு.

ஃபயர்வால் ஏன் பேசலைன்னா, அதோட கண்ணுக்கு அங்க தப்பே நடக்கலை. விண்டோஸ் ஃபயர்வால் பிறவியிலேயே அப்படித்தான்: உள்ள வர்றதை மறிக்கும், வெளிய போறதை விட்டுரும். வீட்டு ஆளே வெளிய போய் ஒருத்தரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா, கூட வர்றவரையும் உள்ள விடும். அந்த ஆப்பு உங்க பெரியப்பா கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய கிளம்பிப் போய், பாங்கு வெப்சைட் போற அதே 443 போர்ட்ல பேசுது. ரிசர்வ் பாங்கு 2019 பிப்ரவரியிலேயே இந்த மாதிரி ரிமோட் ஆப்பு வழியா நடக்கிற மோசடியைப் பத்தி பாங்குகளை எச்சரிச்சிருக்கு. தூரத்துல இருக்கிற மகன் அப்பாவுக்கு உதவுறதும் அதே ஆப்புலதான். ஃபயர்வாலுக்கு மகன் யாரு, திருடன் யாருன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது.

கல்லிடை அபுதாபி

அப்ப வெளிய போறதையும் கேட்டுக் கேட்டு விடுற ஃபயர்வால் போடணும், அதானே அண்ணாச்சி? நான் 2001-ல இருந்து அப்படித்தான் வச்சிருக்கேன். அந்தக் காலத்துல ஜோன்அலாரம். இப்ப விண்டோஸோட சொந்த இன்ஜினையே பயன்படுத்துற சிம்பிள்வால், இலவசம். எந்தப் புரோகிராம் வெளிய போக நினைச்சாலும் என்கிட்ட கேட்கும். ஒரு தடவை பிடிஎஃப் மாத்துற சின்னப் புரோகிராம் ஒண்ணு, நான் தொடாத நேரத்துல சம்பந்தமில்லாத முகவரிக்குப் போக நின்னுச்சு. தூக்கிட்டேன். விண்டோஸ் மட்டும் இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அந்தத் தங்கச்சிக்கும் இதைத்தான் சொல்வேன்.

பாளை நெட்வொர்க் வாத்தியார்

உங்களுக்கு அது சரி. அம்பையில் அவர்கள் அப்பாவுக்கு?

நான் ஒரு காலத்தில் என் தம்பி வீட்டில் இதையே போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கேட்ட அத்தனைக்கும் "அனுமதி" கொடுத்திருந்தார்கள். எஸ்விசிஹோஸ்ட் என்ற விண்டோஸின் சொந்தப் புரோகிராம் வெளியே போக வேண்டும் என்கிறது, விடலாமா என்று கேட்டால் ஒரு ஆசிரியைக்கோ தையல்காரருக்கோ என்ன தெரியும்? மறுத்தால் நெட் நின்றுவிடுகிறது. இரண்டு முறை அப்படி நின்றதும் கை தானாக அனுமதிக்குப் போய்விடும். பெரியப்பா விஷயத்திலும் அந்தப் பெட்டி வந்திருந்தால், போனில் இருந்தவன் "அனுமதியை அமுக்குங்க ஐயா" என்று இன்னொரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே புகுந்த தீநிரல் (வைரஸ் மாதிரியான கெட்ட புரோகிராம்) அட்மின் உரிமையோடு, அதாவது எதையும் மாற்றும் உரிமையோடு ஓடினால் ஃபயர்வாலைத் தானே அணைக்கலாம், தனக்கென்று ஒரு விதிவிலக்கும் எழுதிக்கொள்ளலாம். காவலாளியும் திருடனும் ஒரே கூரையின் கீழ். சாவிக்கொத்தும் அங்கேயே தொங்குகிறது. மென்பொருள் ஃபயர்வாலின் அடிப்படைக் குறை இதுதான். எந்தப் பேக்கேஜ் வாங்கினாலும் முழுதாகத் தீராது.

2004 மார்ச்சில் விட்டி என்று, தானாகவே பரவும் ஒரு புழு வைரஸ் வந்தது. அது குறிவைத்ததே ஐஎஸ்எஸ் என்ற கம்பெனியின் பிளாக்ஐஸ் முதலான பாதுகாப்பு மென்பொருள்களை. ஓட்டை அறிவிக்கப்பட்ட மறுநாளே பரவிச் சுமார் 12,000 கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. ஹார்ட் டிஸ்க்கில் கண்ட இடத்தில் எழுதிக் கெடுத்தது. பாதுகாப்புக்காகக் காசு கொடுத்துப் போட்டவர்கள்தான் அதில் மாட்டினார்கள். கூடுதலாக ஒரு மென்பொருள் போட்டால் கூடுதலாக ஒரு கதவும் சேர்ந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

கல்லிடை அபுதாபி

விட்டி கதையை ஒத்துக்கிடுதேன். ஆனா அதுக்காக வெளிய போறதைப் பாக்கவே வேண்டாம்னு சொல்றதை ஒத்துக்கிட மாட்டேன் சார். தெரிஞ்சவன் ஒருத்தன் மாசம் ஒரு தடவை உக்காந்து பட்டியலைப் பாத்தாக்கூட எவ்வளவோ பிடிபடும். அப்பாவால முடியாதுன்னா மக பாக்கட்டும்.

ஜங்ஷன் சர்வீஸ்

அந்த "மாசம் ஒரு தடவை உக்காந்து பாக்கிறது" எனக்குப் பிடிச்சிருக்கு. தங்கச்சி, அதுக்கு எந்தப் பேக்கேஜும் வேண்டாம். இப்பவே பண்ணுங்க.

டாஸ்க் மேனேஜர் திறங்க. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல அடியில ரிசோர்ஸ் மானிட்டர்னு இருக்கும். அதுல நெட்வொர்க் தாவல். கடைசியா லிசனிங் போர்ட்ஸ்னு ஒரு பட்டியல் மடிச்சு வச்சிருக்கும், விரிங்க. உங்க கம்ப்யூட்டர்ல காதைத் தீட்டிக்கிட்டு யாராவது கூப்பிடுவாங்களான்னு காத்திருக்கிற புரோகிராம் அத்தனையும் அதுல வரும். வலப்பக்கக் கடைசி நெடுவரிசை ஃபயர்வால் ஸ்டேட்டஸ். "நாட் அலவ்ட்"னு இருந்தா வெளி ஆளு அதைத் தொட முடியாது. "அலவ்ட்"னு இருக்கிறதை மட்டும் பேரோட எழுதி இங்க போடுங்க.

அம்பைத் தையல்காரி

அண்ணாச்சி, பாத்துட்டேன். சிஸ்டம், எஸ்விசிஹோஸ்ட்னு நிறைய இருக்கு, பெரும்பாலும் நாட் அலவ்ட்தான். ஆனா விஎன்சி-ன்னு ஒண்ணு ரெண்டு வரியா நிக்குது. போர்ட் 5900. ஒரு வரியில ஐபிவி4, இன்னொரு வரியில ஐபிவி6ன்னு போட்டிருக்கு. ரெண்டுக்கும் நேரே "அலவ்ட், நாட் ரெஸ்ட்ரிக்டட்". இது என்னது? நான் போட்டதில்லை. அப்பாவும் இல்லைன்னுட்டாவ.

ஜங்ஷன் சர்வீஸ்

கம்ப்யூட்டரை இப்ப நெட்டுல இருந்து கழட்டுங்க. வயரை உருவிருங்க. போன்ல இருந்து பதில் போடுங்க. 2014-ல வாங்கினப்ப யாரு செட் பண்ணிக் குடுத்தா? வேற யாராவது சர்வீஸ் பாத்தாங்களா?

அம்பைத் தையல்காரி

உருவிட்டேன். மூணு வருஷத்துக்கு முன்ன பிரிண்டர் வேலை செய்யலைன்னு ஒரு பையன் வந்தாரு. "இனிமே நான் வரவேண்டியதில்லை, அங்க இருந்தே பாத்துக்கிடுவேன்"னு சொன்னது ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை அப்படிச் சரி பண்ணியும் குடுத்தாரு. நல்ல பையன்தான். இப்ப அந்தக் கடையே இல்லை.

ஜங்ஷன் சர்வீஸ்

அதேதான். விஎன்சிங்கிறது தூரத்துல இருந்து திரையைப் பாத்து மவுஸைப் பிடிக்கிற புரோகிராம். திருட்டு நோக்கத்துல போட்டிருக்க மாட்டாரு. ஒரு பிரிண்டருக்காக பஸ் ஏறி அம்பைக்கு வந்துபோக அரை நாள் ஆகும்னு எங்க தொழில்ல பல பேரு இதைச் செய்யுதாங்க. ஆனா வீட்டுக்காரங்ககிட்ட வெவரமாச் சொல்லாம, வேலை முடிஞ்சதும் எடுக்காமப் போறது பெரிய தப்பு. நான் இந்தத் தொழில்ல இருக்கிறதாலதான் அழுத்தமாச் சொல்லுதேன். பாஸ்வேர்டும் எல்லா வீட்டுக்கும் ஒண்ணே வச்சிருப்பாங்க. மூணு வருஷமா ஃபயர்வால் ஆன், பச்சை டிக். அதுக்குள்ளயே ஒரு விதிவிலக்கை எழுதி வாசலைத் திறந்து வச்சிருக்கு.

செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பட்டியல்ல இருந்து விஎன்சியை நீக்குங்க. அப்புறம் ஃபயர்வால் பக்கத்துல "அலோ ஏன் ஆப் த்ரூ ஃபயர்வால்"னு இருக்கும், அங்க அதோட பேரு இன்னும் நின்னா அதையும் எடுங்க. உங்களுக்குத் தெரியாத வேற பேரு இருந்தாலும் கேளுங்க.

பாளை நெட்வொர்க் வாத்தியார்

அம்மா, பயப்பட வேண்டாம், ஆனால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஐபிவி4 வழியாக ரூட்டர் உங்களைக் காத்திருக்கும். ஐபிவி6 வரிசையிலும் அனுமதி இருந்தது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஃபைபர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை போன் பிரவுசரில் போட்டு உள்ளே போங்கள். செக்யூரிட்டி பகுதியில் ஐபிவி6 ஃபயர்வால் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா, ஆனா ஆஃபா?

அம்பைத் தையல்காரி

சார், உள்ள போக பேரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பெட்டி மாட்டினவங்க வச்சது அப்படியே இருக்கு. ஐபிவி6 ஃபயர்வால் ஆஃப்னு இருந்துச்சு. ஆன் பண்ணிட்டேன்.

பாளை நெட்வொர்க் வாத்தியார்

அந்தப் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்களை ஒரு தீநிரல் தாக்கியபோது மாட்டியவை, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடங்கள்தான். மாற்றச் சொல்லி பிஎஸ்என்எல்லே கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்ததும், அட்மின் மாதிரியான அறுபத்துச் சொச்சம் பேர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான்.

யாராவது நுழைந்தார்களா என்றால், ஐபிவி6-ல் ஒரு வீட்டுக்கு ஒதுக்கப்படும் முகவரிகளே கோடானுகோடி. குருட்டாம்போக்கில் தேடி உங்கள் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் பாங்கு பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள், இந்தக் கம்ப்யூட்டரில் அல்ல, போனில்.

முக்கூடல் மைனி

எனக்குக் கையெல்லாம் நடுங்குது. எங்க பெரியப்பா வீட்டுலயும் ரிசோர்ஸ் மானிட்டர் பாத்தேன். அந்த மோசடி ஆப்பு இன்னும் உக்காந்திருக்கு, விண்டோஸ் தொடங்கும்போதே தொடங்குற மாதிரி. பணம் போனதோட விட்டுட்டோம்னு நினைச்சோம். யாரும் எடுக்கவே இல்லை.

ஜங்ஷன் சர்வீஸ்

தாயி, அதுல நீக்கறதோட நிக்காதீங்க. அந்த ஆளு அரை மணி நேரம் உள்ள இருந்திருக்கான், வேற என்ன வச்சான்னு நம்மால சொல்ல முடியாது. போட்டோ, பத்திரம் எல்லாம் தனியா எடுத்துட்டு விண்டோஸை முழுசா அழிச்சுப் போடணும். ஜங்ஷனுக்குக் கொண்டு வாங்க, காசு வேண்டாம். புதுசாப் போட்டதும் பெரியப்பாவுக்கு அட்மின் இல்லாத சாதாரணக் கணக்கு ஒண்ணு தனியா வச்சுக் குடுப்போம், அட்மின் பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். அடுத்த தடவை போன்ல எவனாவது எதையாவது எறக்கச் சொன்னா, விண்டோஸ்ல பதியும்போது பாஸ்வேர்டு கேட்டு நிக்கும். பதியாமலே ஓடுற ஆப்பும் உண்டு, அதனால இது முழுத் தடுப்பு கிடையாது. ஆனா பாஸ்வேர்டுக்காக உங்களுக்கு ஒரு போன் போட வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் பெரிசு.

அம்பைத் தையல்காரி

அப்பாவுக்கும் அந்த மாதிரி தனிக் கணக்கு வச்சுட்டேன். விஎன்சி போயிட்டு, பட்டியல்ல இப்ப இல்லை. பாஸ்வேர்டெல்லாம் மாத்தியாச்சு. பேக்கேஜ் வாங்கலை. விண்டோஸோட கூடவே இருக்கிற ஆன்டிவைரஸ் டிஃபெண்டரே போதும்னு விட்டுட்டேன், சரிதானே?

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராதுன்னு திரையில வந்துக்கிட்டே இருக்கு.

ஜங்ஷன் சர்வீஸ்

டிஃபெண்டர் போதும். ஆனா நீங்க கடைசியாக் கேட்டதை முதல்லயே கேட்டிருக்கணும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. பதிஞ்சுக்கிட்டா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கும், அதை உடனே பண்ணுங்க. பிளாஸ்டருக்கும் வான்னாக்ரைக்கும் பேட்ச் முன்னாடியே இருந்துச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க. பேட்ச்சே வராத கம்ப்யூட்டர்ல நம்ம நிலைமை அதைவிட மோசம். 2014 மிஷின்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, பிராசசர் பழசு. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட்ங்கிற சிஸ்டத்தைப் போட்டா இன்னும் சில வருஷம் நல்லா ஓடும். அதுலயும் ஃபயர்வால் உண்டு, ஆனா அணைச்சே வரும், நான் ஆன் பண்ணித் தாரேன். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?

அம்பைத் தையல்காரி

வாங்க அண்ணாச்சி. மத்தியானம் இங்கயே சாப்பிட்டுட்டுப் போகலாம்னு அப்பா சொல்லுதாவ. 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு இருக்கு, போதுமா?

ஜங்ஷன் சர்வீஸ்

போதும். அதுல ஏதாவது இருந்தா வேற எடத்துல எடுத்து வச்சிருங்க, அழிஞ்சிரும். உங்க பிரிண்டர் மாடல் நம்பரையும் இங்க போடுங்க. அது லினக்ஸ்ல ஓடுமான்னு பாத்துட்டுத்தான் கிளம்புவேன்.